புதுவையில் பாரதி தேடிய தனிமை

எட்டயபுரத்தில் 1882ஆம் ஆண்டு பிறந்த சுப்பிரமணிய பாரதியார் தம் ஆயுளின் ஏறத்தாழ முப்பத்தொன்பது ஆண்டுகளில் பத்தினைப் புதுவையில் கழித்தார். சென்னைக்கு அண்மையில் இருந்தும், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்ததால் அந்நகர் அன்று சட்டப்படி அயல்நாடே. 1908ஆம் ஆண்டில் ‘இந்தியா’ இதழின்மீது ஆங்கில அரசின் அடக்குமுறை பாய்ந்தபோது, அவர் அங்கே அடைக்கலம் புகுந்தார்.

அடைக்கலம் கிடைத்தது, அமைதி கிடைக்கவில்லை. ஆங்கில அரசின் ஒற்றர்கள் புதுவைத் தெருக்களில் அவர் நிழல்போல் தொடர்ந்தனர். புதுவையிலிருந்து மீண்டும் வெளிவந்த ‘இந்தியா’ 1910ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. மறு ஆண்டு மணியாச்சியில் ஆஷ் கொல்லப்பட்டபின் கண்காணிப்பு கடுமையாயிற்று. அயலார் அங்கே தங்க, ஊரில் மதிப்புடைய ஐவரின் சான்றொப்பம் வேண்டும் என்று விதி பிறந்தது. கலவை சங்கரச் செட்டியாரின் முயற்சியால் அத்தடை நீங்கிற்று.

பத்திரிகையும் இல்லை; வருவாயும் இல்லை. செல்லம்மாளும் இரு பெண்மக்களும் உள்ள இல்லத்தில் வறுமை நிலையாகக் குடியேறியது. வாடகை கேட்டு நெருக்காத வீட்டுக்காரரின் பெருந்தன்மையே கூரையைக் காத்தது. நண்பர்களும் இளைஞர்களும் எந்நேரமும் வந்து போகும் அவ்வீட்டில் உரையாடலுக்குக் குறைவில்லை. ஓய்ந்திருந்து எழுதும் பொழுதுதான் அரிதாயிருந்தது.

அப்பொழுதைத் தந்தது கருவடிக்குப்பத்தின் மாந்தோப்பு. சித்தானந்த சுவாமிகள் கோயிலை அடுத்து, நகரின் ஓசை எட்டாத நிழல் அது. தோப்புக்குரிய கிருஷ்ணசாமி செட்டியார் கவிஞரிடம் அன்பு பூண்டவர். குயிலின் குரலன்றி வேறு குறுக்கீடு இல்லாத அவ்விடமே ‘குயில் பாட்டு’க்குப் பிறப்பிடமாகப் போற்றப்படுகிறது, குயில் தோப்பு என்றே அதற்குப் பெயரும் நிலைத்தது.

கல்விக்கும் அவ்வாண்டுகளே களமாயின. 1910ஆம் ஆண்டு புதுவை வந்த அரவிந்தரோடு வேதங்களைப் பயின்றார், கீதையைத் தமிழாக்கினார். ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகம் 1912இல் அச்சேறியது. இதழ் வாயடைபட்ட காலத்தில் காவியம் வாய்திறந்தது. நாள்தோறும் நாட்டோடு பேசிய எழுத்தாளர் அந்த உடனடிச் செவிகளை இழந்தார். வரும் தலைமுறைகளின் செவிகளைப் பெற்றார். அந்த இழப்பு சிறிதன்று. ‘குயில் பாட்டு’ நூலாக வெளிவந்தபோது அதைக் காண அவர் உயிரோடில்லை.

ஆயினும், அத்தனிமையிலேயே தங்கிவிட அவர் உள்ளம் இசையவில்லை. சிறை காத்திருக்கக்கூடும் என்பதை உணர்ந்தே 1918 நவம்பரில் எல்லையைக் கடந்தார், கடலூரில் சிறைப்பட்டார். சில வாரங்களில் விடுதலையாகிக் கடையம் சென்றார். 1921 செப்டம்பரில் சென்னையில் மறைந்தார்.

கவிதைக்குத் தனிமை வேண்டும் என்பதைப் புதுவையின் மாந்தோப்பு காட்டுகிறது. அத்தனிமையில் விளைந்த கவிதை மக்களிடமே திரும்ப வேண்டும் என்பதைக் கடலூர்ப் பயணம் காட்டுகிறது. பாரதியின் வாழ்வில் இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுத்ததில்லை.