பொம்மைப் பீரங்கிக்கு 4 ஆள்!

எச்.ஜி.வெல்ஸ் உலகப் புகழ் பெற்ற கதாசிரியர். கண்ணுக்குத் தெரியாத மனிதன், காலத்தைக் கடந்து செல்லும் எந்திரம், செவ்வாய்க் கிரகத்தில் இருந்து வந்த படை, இந்தக் கதைகளை எல்லாம் எழுதியவர் அவர்தான்.

அப்பேர்ப்பட்டவர், நாற்பது வயதுக்கு மேல், வீட்டுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு பொம்மைச் சிப்பாய்களை வைத்து யுத்தம் நடத்தினார் என்றால் நம்புவீர்களா?

நடத்தினார். அதற்குச் சட்டதிட்டம் வகுத்து, புத்தகமும் போட்டார்!

ஜவுளிக் கடையில்

வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள பிராம்லி என்ற ஊரில் பிறந்தார். தந்தை பீங்கான் கடை வைத்திருந்தார். வியாபாரம் நடக்கவில்லை. அவர் கிரிக்கெட் ஆடிச் சம்பாதித்ததில்தான் அடுப்பு எரிந்தது.

சிறு வயதில் வெல்சுக்குக் கால் எலும்பு முறிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, புத்தகம் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. கால் ஒடிந்தது தன் அதிர்ஷ்டம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

சில ஆண்டுகளில் தந்தைக்கும் கால் முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. பையனை ஜவுளிக் கடையில் வேலை பழக விட்டார்கள். தினம் 13 மணி நேர வேலை. 2 வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பிறகு, முடியாது என்று வெளியேறிவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியர் ஆனார். உபகாரச் சம்பளம் கிடைத்து, லண்டனில் விஞ்ஞானம் படித்தார். 1895-ல் கால எந்திரக் கதை வெளிவந்தது. வறுமை விலகியது.

தரையில் ஓடும் கப்பல்

1903-ம் ஆண்டு டிசம்பர் மாதம், ஸ்டிராண்ட் என்ற பத்திரிகையில் அவர் ஒரு சிறுகதை எழுதினார். தரையில் ஓடும் இரும்புக் கப்பல்களைப் பற்றிய கதை அது.

ஒவ்வொரு கப்பலும் 80 அடி முதல் 100 அடி நீளம். பதுங்கு குழிகளைத் தாண்டி ஊர்ந்து வரும். துப்பாக்கிக் குண்டு அதை ஒன்றும் செய்யாது. உள்ளே, சிப்பாய் ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அறை. வெளியே நடப்பது, எதிரில் படமாக விழும். அதைப் பார்த்துக் குறி வைக்கவேண்டியதுதான். ஆபீசில் கணக்கு எழுதுகிறவர்களைப்போல அவர்கள் பதற்றம் இல்லாமல் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்போது எந்த நாட்டுப் படையிலும் டாங்கி கிடையாது.

விளையாட்டு யுத்தம்

வெல்சுக்கு ஜிப், பிராங்க் என்று 2 மகன்கள். அவர்களிடம் ஈயச் சிப்பாய்கள் இருந்தன. வில் வைத்த ஒரு பொம்மைப் பீரங்கியும் இருந்தது. ஓர் அங்குல மரத்துண்டை அது குறி தவறாமல் வீசும். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டுக்கு வந்த நண்பர் அதை எடுத்துச் சுட்டுப் பார்த்தார். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்! தடித்தடிப் புத்தகங்கள் தரையில் மலைகள் ஆயின.

1913-ல் இந்த விளையாட்டைப் பற்றி "சின்ன யுத்தங்கள்" என்ற புத்தகத்தை வெல்ஸ் வெளியிட்டார். காலாள் ஒரு தடவைக்கு ஓர் அடி நகரலாம். குதிரைப்படை 2 அடி நகரலாம். பீரங்கிக்குத்தான் விசேஷமான விதி. அதன் பக்கத்தில் 6 அங்குலத்துக்குள், சொந்தப் படையைச் சேர்ந்த சிப்பாய்கள் 4 பேராவது நிற்கவேண்டும். ஒருவர் குறைந்தாலும் சுடக்கூடாது, நகர்த்தவும் கூடாது.

பொம்மைப் பீரங்கிதானே, விரலால் தட்டினால் சுடுமே என்று குழந்தைகள் கேட்கலாம். ஆள் இல்லாமல் ஆயுதம் இல்லை என்பதை வெல்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை.

புத்தகத்தின் முடிவில் அவர் ஒரு யோசனை சொன்னார். யுத்த வெறி பிடித்தவர்களை எல்லாம் ஓர் அறைக்குள் அனுப்பி, பொம்மைச் சிப்பாய்களைக் கொடுத்துவிடவேண்டும். ஆசை தீர அங்கேயே மோதிக்கொள்ளட்டும்!

யார் கேட்டார்கள்? அடுத்த ஆண்டே, 1914-ல், முதலாவது உலக யுத்தம் மூண்டது.

இரும்புப் பெட்டிக்குள் 8 பேர்

1916-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, பிரான்சில் சோம் போர்முனையில் முதல் டாங்கிகள் ஊர்ந்து வந்தன. எடை 28 டன். ஒவ்வொன்றிலும் 8 பேர். தளபதி ஒருவர், டிரைவர் ஒருவர், கியர் மாற்ற 2 பேர், சுடுவதற்கு 4 பேர்.

கதையில் வந்த தனி அறை எங்கே? நட்ட நடுவில் இஞ்சின். சுற்றிலும் ஆட்கள். வெப்பம் 50 டிகிரி வரை ஏறியது. விஷப் புகையில் சிலர் மயங்கி விழுந்தார்கள். இஞ்சின் இரைச்சலில் பேச்சு கேட்காது. டிரைவர் இஞ்சின் மூடியைத் தட்டித்தான் கியர் ஆட்களுக்குச் சைகை செய்வார்.

டாங்கியைக் கண்டுபிடித்தது யார் என்று 1919-ல் விசாரணை நடந்தது. அதில் சாட்சி சொன்ன சர்ச்சில், வெல்சின் கதையைக் குறிப்பிட்டார்.

அந்த டாங்கியை இன்று 35-ல் ஒரு பங்கு அளவில் மாடலாகச் செய்தால், ஒரு சாண் நீளம்தான் வரும். உள்ளே உட்காரும் சிப்பாய் பொம்மையின் உயரம் 5 சென்டிமீட்டர். 8 பொம்மைகளையும் இஞ்சினையும் உள்ளே வைத்துப் பார்த்தால், அந்த மனிதர்கள் பட்ட பாடு புரியும்.

அணுகுண்டும் வந்தது

1914-ல் வெளிவந்த இன்னொரு கதையில், அணுகுண்டு வரும் என்று வெல்ஸ் சொல்லியிருந்தார். 1945-ல் அது ஹிரோஷிமா மீது விழுந்தது. நோயோடு இருந்த வெல்ஸ், அந்தச் செய்தியையும் கேட்க நேர்ந்தது.

மறு ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, லண்டனில் தன் வீட்டில் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. அவருடைய சாம்பல் கடலில் தூவப்பட்டது.