பந்தை எறியலாம் என்றவர்

அமெரிக்கக் கால்பந்து நாம் ஆடும் கால்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். அதன் புகழ்பெற்ற பயிற்றுநர் ஜான் ஹைஸ்மன் 1869இல் கிளீவ்லாந்து நகரில் பிறந்தார். சட்டம் பயின்றவர், ஆயினும் 1892 முதல் 1927 வரை ஆபர்ன், கிளெம்சன், ஜார்ஜியா டெக் முதலிய எட்டுக் கல்லூரிகளின் அணிகளைப் பயிற்றுவித்து, 180க்கு மேற்பட்ட வெற்றிகளைக் கண்டார்.

அக்காலத்தில் பந்தை முன்னோக்கி எறிய விதி இடந்தரவில்லை. ஆகவே வீரர்கள் திரளாகக் கூடி மோதினர். பந்துடன் ஓடியவர் அத்திரளின் அடியில் நசுங்கினார். 1905ஆம் ஆண்டில் மட்டும் இளைஞர் பலர் மாண்டனர். 1895இல், விதியை மீறி எறியப்பட்ட பந்தொன்று எதிரணித் திரளைக் கடந்து சென்றதை ஹைஸ்மன் கண்டிருந்தார். எறிய இடமளித்தால் வீரர்கள் களமெங்கும் பரவி நிற்பர், நெரிசல் குறையும் என விதிக்குழுவினரிடம் வலியுறுத்தி வந்தார். 1906இல் விதி மாறியது.

ஆனால் 1916இல் அவருடைய ஜார்ஜியா டெக் அணி, கம்பர்லாந்து அணியை 222–0 என வென்றது. கம்பர்லாந்து கல்லூரி தன் அணியை முன்பே கலைத்துவிட்டது. ஆட வராவிடில் அபராதம் என்பதால் வந்த மாணவர்கள் அவர்கள். உயிர்களுக்காக வாதாடியவர் அன்று இரக்கங்காட்டாதது வியப்பே.

1936இல் ஹைஸ்மன் மறைந்தார். சிறந்த கல்லூரி வீரருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது இன்று அவர் பெயரைத் தாங்குகிறது. அவ்விருதுச் சிலையின் வீரன் பந்தை எறியவில்லை. கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறான்!