பெயர் போடாத ஸ்டூடன்ட்

ஆன்லைன் ஆர்.பி.ஜி. ஆடுறவங்களா நீங்க? அப்போ இது உங்களுக்கும் நடந்திருக்கும். கடையில ஒரு மோதிரம் வருது. போட்டா அடியோட பலம் கூடும்னு விளக்கத்துல எழுதியிருக்கு, எவ்வளவு கூடும்னு மட்டும் எழுதல. என் ரூம்மேட் ஊருக்குப் போக வச்சிருந்த பஸ் காசுல அதை வாங்கிட்டான். ஒரே அரக்கனை மோதிரம் போட்டு 10 அடி, கழட்டிட்டு 10 அடி அடிச்சுப் பார்த்தான். போட்டப்போ சராசரி 412, கழட்டினப்போ 398. வேலை செய்யுதுன்னு ஒரே குதி.

எனக்கு நம்பிக்கை வரல. மோதிரம் இருந்தாலும் இல்லாட்டியும் ஒவ்வொரு அடியும் 350க்கும் 460க்கும் நடுவுல தாறுமாறா வந்துட்டிருந்துச்சு. அதுல 14 கூடினது மோதிரத்தாலயா, அதிர்ஷ்டத்தாலயா? வெறும் 10 அடிய வச்சு எதையாவது சொல்ல முடியுமா?

இந்தச் சண்டைக்கு 1908லயே ஒருத்தர் வழி சொல்லிட்டார். கணக்குப் பேப்பர்ல அவரை நீங்க சந்திச்சிருக்கீங்க: ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட். நான் ரொம்ப நாள் அது மாணவர்களுக்காகச் சுருக்கி வச்ச டெஸ்ட்னு நெனச்சிட்டிருந்தேன் (சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் அப்படித்தான்). ஸ்டூடன்ட்ங்கிறது ஒரு மனுஷனோட புனைபெயர். உண்மையான பெயர் வில்லியம் சீலி கோசெட்.

1876ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தார். அப்பா ராணுவத்தின் பொறியாளர் படையில் கர்னல். மகனும் அதே படைக்குப் போக ஆசைப்பட்டார், கண் பார்வை சரியில்லாததால் நடக்கவில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் வேதியியலும் படித்துவிட்டு, 1899ல் டப்ளினில் இருந்த கின்னஸ் பீர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். ஆமா, பீர் கம்பெனிதான். அந்தக் காலத்துல அவங்க ஆக்ஸ்ஃபோர்ட், கேம்பிரிட்ஜ்ல அறிவியல் படிச்சவங்களைத் தேடிப் பிடிச்சு வேலைக்கு எடுத்தாங்க. இன்னைக்கு நம்ம பிளேஸ்மென்ட் செல் கேட்டா ஏங்கும்.

அங்கே அவர் முன்னால் இருந்த பிரச்சினை நம்ம மோதிரப் பிரச்சினையேதான். இந்த ரக பார்லி அந்த ரகத்தைவிட நல்லதா? இந்த மால்ட்டில் இருந்து கிடைக்கும் சாறு உண்மையிலேயே அதிகமா? ஒவ்வொரு சோதனைக்கும் காசும் நாளும் ஆகும், பார்லிக்கு வருஷத்துக்கு ஒரு விளைச்சல்தான். ஆயிரம் தடவை செய்து பார்க்க வழியே இல்லை. கையில் இருப்பது நாலு அளவீடு, மிஞ்சிப் போனால் பத்து. அதை நம்பித்தான் ஆலை அடுத்த கொள்முதலைத் தீர்மானிக்க வேண்டும்.

அன்றைய புள்ளியியலின் பெரிய தலை லண்டனில் இருந்த கார்ல் பியர்சன். அவருடைய முறைகள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அளவீடு இருந்தால் அருமையாக வேலை செய்யும். சின்ன மாதிரிகளில் அவருக்குப் பெரிய அக்கறை இல்லை. கோசெட் 1905ல் அவரைச் சந்தித்தார். அடுத்த ஆண்டு கம்பெனியே அனுப்பிவைக்க, லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பியர்சனின் ஆய்வகத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் இருந்தார். அங்கிருந்து வந்த முதல் கட்டுரை, நுண்ணோக்கியில் ஈஸ்ட் செல்களை எண்ணும்போது எவ்வளவு பிழை வரும் என்பது பற்றி. இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது.

சிக்கல் எங்கே இருக்குன்னு கொஞ்சம் நிதானமா பாருங்க. சராசரியில எவ்வளவு பிழை இருக்கும்னு சொல்ல, அடிகள் எவ்வளவு சிதறுதுங்கிற திட்டவிலக்கம் வேணும். அந்தத் திட்டவிலக்கத்தையும் அதே 10 அடியில இருந்துதான் கணக்குப் போடுறோம். அதுவே ஒரு குத்துமதிப்பு. அதிர்ஷ்டவசமா அந்த 10 அடி பக்கத்துல பக்கத்துல விழுந்துட்டா, சிதறல் கம்மின்னு நம்பி ஏமாந்துடுவோம். வழக்கமான நார்மல் அட்டவணை இதைக் கண்டுக்காது. எத்தனை அளவீடு கம்மியோ அத்தனை எச்சரிக்கையா இருக்கணும், சரி. எவ்வளவு எச்சரிக்கை? அதை எண்ணாகச் சொன்னதுதான் கோசெட்டின் வேலை. 95 சதவீத உறுதிக்கு நார்மல் அட்டவணை 1.96 கேட்கும். 10 ஜோடிகள் மட்டும் இருந்தால் 2.26 வேண்டும். நாலே நாலு என்றால் 3.18.

இதில் எனக்குப் பிடித்த பகுதி அவர் சரிபார்த்த விதம். கணிதத்தில் ஒரு இடத்தில் அவரால் முழு நிரூபணம் தர முடியவில்லை, வளைவின் வடிவத்தை ஊகித்தார். ஊகம் சரியா என்று பார்க்க, 3000 குற்றவாளிகளின் உயரமும் இடது நடுவிரல் நீளமும் இருந்த ஒரு பழைய பட்டியலை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. எல்லாவற்றையும் நன்றாகக் குலுக்கி, நாலு நாலாகப் பிரித்து 750 குட்டி மாதிரிகள் செய்தார். ஒவ்வொன்றுக்கும் கையால் கணக்கு. நம்ம லேப்டாப்ல ஒரு நொடி வேலை, மனுஷன் உட்கார்ந்து சீட்டுக் குலுக்கியிருக்கார்! ஊகம் தேறியது. 1912ல் கேம்பிரிட்ஜில் படித்த 22 வயது ரொனால்ட் ஃபிஷர் முழு நிரூபணத்தை எழுதி அனுப்பினார். கோசெட்டுக்கே அந்தக் கணிதம் பிடிபடவில்லை, பியர்சனுக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னார்.

அதே 1908 கட்டுரையில் ஒரு நிஜ உதாரணமும் உண்டு: 10 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த இரண்டு தூக்க மருந்துகள். முதல் மருந்தில் சராசரியாக 0.75 மணி நேரம் கூடுதல் தூக்கம், இரண்டாவதில் 2.33 மணி நேரம். ஆளுக்கு ஆள் வித்தியாசத்தைக் கணக்கிட்டு, இரண்டாவதுதான் மேல் என்பதற்கு 666க்கு 1 என்ற பந்தயம் கட்டலாம் என்று முடித்தார். பத்தே பேர். பத்து போதுமா என்பதற்கு ஆமாம், இல்லை என்று பொதுவான பதில் கிடையாது. வித்தியாசம் சிதறலைவிட எவ்வளவு பெரிசுங்கிறதுதான் விஷயம்.

பெயர் ஏன் போடவில்லை? கின்னஸ் ஊழியர்கள் சொந்தப் பெயரில் எதையும் வெளியிடக் கூடாது, தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்ற பயம். அதனால் ஸ்டூடன்ட். வாழ்நாள் முழுக்க ஆலை வேலையையும் ஆராய்ச்சியையும் சேர்த்தே பார்த்தார். பியர்சனும் ஃபிஷரும் ஒருவரை ஒருவர் ஜென்ம விரோதிகளாகப் பார்த்தபோது, இரண்டு பேருக்குமே நண்பராக இருந்தவர் இவர்.

சின்ன மாதிரிக்கு வாதாடிய அதே மனிதர், பெரிய மாதிரியையும் விட்டு வைக்கவில்லை. 1930ல் ஸ்காட்லாந்தின் லானார்க்ஷயரில் 20,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பேருக்குத் தினமும் பால், பாதிப் பேருக்கு இல்லை. யாருக்குப் பால் என்பது முதலில் குலுக்கல் போன்ற முறையில்தான் முடிவானது. ஆனால் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியாவிட்டால் பிள்ளைகளை மாற்றிக்கொள்ள ஆசிரியர்களுக்கு அனுமதி இருந்தது. நோஞ்சானாக இருந்த ஏழைப் பிள்ளைகளைப் பால் பக்கம் நகர்த்தியிருப்பார்கள் என்று கோசெட் 1931ல் எழுதினார். நானா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன், நீங்களும்தான். ஆனா சோதனை கெட்டுப்போச்சு. இன்னொன்று: எடை பார்த்தது துணியோடு, பிப்ரவரியிலும் ஜூனிலும். வசதியான பிள்ளை ஜூனில் கனமான குளிர்கால உடையைக் கழட்டியிருக்கும். ஏழைப் பிள்ளையிடம் கழட்ட என்ன இருந்திருக்கும்? இதற்குப் பதில் 50 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்களை வைத்துச் செய்திருந்தால் செலவும் குறைவு, முடிவும் நம்பகம் என்றார்.

1935ல் லண்டன் பார்க் ராயலில் தொடங்கிய புதிய ஆலைக்குப் போனார். 1937 அக்டோபர் 16 அன்று, 61 வயதில், மாரடைப்பில் இறந்தார்.

மோதிரத்துக்கு வருவோம். ரூம்மேட்டோட எண்களை டி-டெஸ்ட்ல போட்டேன், 1.1 வந்துச்சு. பத்தாது. மோதிரம் டுபாக்கூர்னும் இதை வச்சுச் சொல்ல முடியாது. 14ங்கிற வித்தியாசம் நிஜமா இருந்தா, அதை ஓரளவு நம்பிக்கையோட பிடிக்க ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 70 அடி வேணும். ஒரு அடி போட்டு, அடுத்தது கழட்டின்னு மாத்தி மாத்தி அடிக்கச் சொன்னேன். இதை நான் டைப் பண்றப்போ 31வது ஜோடியில இருக்கான். பஸ் காசு நான் குடுத்துட்டேன், வண்டி ராத்திரி 9:30க்கு.