மண்ணுக்காக வாதாடிய பென்னட்

பட்டப்பகலில் இருட்டிவிட்டது. வீட்டுக்குள் விளக்கு ஏற்றினார்கள். குழந்தைகளின் மூக்கிலும் வாயிலும் ஈரத்துணியைக் கட்டினார்கள். அப்படியும் கதவு இடுக்கு வழியே புழுதி புகுந்தது.

இது நடந்தது அமெரிக்காவில். 1935-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி. அந்த நாளைக் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள்.

அமெரிக்காவின் நடுப்பகுதி பெரிய புல்வெளி. மழை குறைவு. புல்லின் வேர்தான் மண்ணைப் பிடித்துக்கொண்டிருந்தது. முதல் உலகப் போரின்போது கோதுமைக்கு நல்ல விலை கிடைத்தது. விடுவார்களா? புல்வெளியை உழுது தள்ளினார்கள். 1930-க்குப் பிறகு மழை பொய்த்தது. பயிர் கருகியது. வேர் இல்லாத மண் காற்றோடு போயிற்று. சுமார் 25 லட்சம் பேர் ஊரைவிட்டுப் போனார்கள்.

விவசாயி மகன்

இப்படி ஆகும் என்று முன்பே எச்சரித்தவர் ஹியூ பென்னட். 1881-ல் வட கரோலினா மாகாணத்தில், பருத்தி விவசாயியின் மகனாகப் பிறந்தவர். படித்து முடித்து, 1903-ல் மண் ஆராய்ச்சி வேலையில் சேர்ந்தார்.

1905-ல் வர்ஜீனியாவில், அடுத்தடுத்து இருந்த இரண்டு நிலங்களைப் பார்த்தார். ஒன்று காடு. அங்கே மண் பொலபொலவென்று ஈரமாக இருந்தது. மற்றது பல காலம் உழுத நிலம். அங்கே மண் இறுகிக் கிடந்தது. முன்பு இரண்டும் ஒரே மண்தான்! மழைதோறும் மேல்மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போயிருந்தது. யார் கண்ணிலும் படவில்லை.

இதை ஊர் ஊராகச் சொன்னார். கேட்டவர் சிலரே. மண் என்றுமே அழியாத சொத்து என்று அவர் வேலை பார்த்த இலாகாவே எழுதி வைத்திருந்தது!

தலைநகரில் புழுதி

ரூஸ்வெல்ட் ஜனாதிபதி ஆனபிறகு, 1933-ல், மண் அரிப்பைத் தடுக்கத் தற்காலிகமாக ஓர் இலாகா ஏற்பட்டது. பென்னட் அதன் தலைவர் ஆனார். அதை நிரந்தரமாக்கச் சட்டம் வேண்டும் என்று 1935-ல் சட்டசபைக் குழுவின் முன் வாதாடினார். மேற்கே கிளம்பிய புழுதி வாஷிங்டனை நோக்கி வருவது அவருக்குத் தெரியுமாம். அது வந்து சேரும்வரை பேச்சை நீட்டிக்கொண்டே போனார் என்று சொல்வார்கள். ஜன்னலுக்கு வெளியே வானம் மங்கியது. ஏப்ரல் 27-ந் தேதி சட்டம் நிறைவேறியது.

சரிவுக்குக் குறுக்கே உழவும், வரப்புப் போடவும், மறுபடி புல் வளர்க்கவும் அதிகாரிகள் கற்றுக்கொடுத்தார்கள். செய்தவர்களுக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. வயிறு காய்பவனிடம் வெறும் புத்திமதி செல்லுமா?

1937 முதல் விவசாயிகளே கூடி மண் பாதுகாப்பு வட்டாரங்களை அமைத்தார்கள். முதல் வட்டாரம் பென்னட் பிறந்த ஊர்ப்பக்கத்திலேயே அமைந்தது.

1951-ல் ஓய்வு பெற்றார். அந்தப் பத்தாண்டிலும் கடும் வறட்சி வந்தது. புழுதியும் பறந்தது. ஆனால் முன்போல் ஊர்கள் காலியாகவில்லை. அதையும் பார்த்துவிட்டு, 1960-ம் ஆண்டு ஜூலை 7-ந் தேதி பென்னட் காலமானார்.