பர்ன்ஸ் பிறந்த மண்வீடு

ஸ்காத்லாந்து தேசத்தில் ஆயர் நகரை அடுத்த அலோவே என்னும் சிற்றூரில், வைக்கோல் வேய்ந்த மண்வீடொன்றைக் கண்டோம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25-இல் பிறந்த இல்லம் அது. அவர் பிறந்த கட்டில் அடுக்களைச் சுவரை ஒட்டியுள்ளது. மாட்டுத் தொழுவமும் அதே கூரையின் கீழேயாம்.

தோட்டவேலை செய்து பிழைத்த தந்தையார் வில்லியம் இவ்வீட்டைத் தம் கையாலேயே கட்டினார். குழந்தை பிறந்த சின்னாளில் புயலால் சுவர் சரிய, தாயும் சேயும் அயல்வீடு புகுந்தனர்.

அம்மனையினும் மேலானதொன்றை அத்தந்தையார் தம் மக்களுக்கு வைத்தார். 1765-இல் அயலாருடன் கூடிப் பொருள் சேர்த்து, ஜான் மர்டாக் என்னும் இளைஞரை ஆசிரியராக அமர்த்தினார். அக்குடும்பத்தார் முறைவைத்து அவரைத் தத்தம் வீட்டில் உண்பித்து உறைவித்தனர்.

வறுமையோ நீங்கவில்லை. 1781-இல் வீடு விலைப்பட்டது, பின்னர் மதுக்கடையாயிற்று. குத்தகை வழக்கால் நலிந்த தந்தையார் 1784-இல் இறந்தார். ஏர்பிடித்த மைந்தர் 1786-இல் முதற் கவிநூலை வெளியிட்டுப் புகழெய்தினார். 1796-இல், 37-ஆம் வயதில் மறைந்தார். வீட்டை 1881-இல் அவரது நினைவுச்சின்னக் காப்பாளர் விலைக்கு வாங்கினர். அதன்பின் அது பழைய வடிவிற் செப்பனிடப்பெற்றது.

சுவர் சரிந்தது, மனை கைமாறியது, ஏழைகள் கூடி அளித்த கல்வி ஒன்றே அழியாது நின்றது. நம்மவரும் மணப்பந்தலுக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கை, ஊர்தோறும் நம் எளிய சிறார்க்கு ஓர் ஆசிரியரை அமர்த்த ஒதுக்கலாகாதோ?