குடந்தை தந்த திவான்

நம் தஞ்சைத் தரணி நெல்லை மட்டுமன்றி நிருவாகிகளையும் விளைவித்த மண்ணாகும். அவருள் தலையாயவராக நாம் கருதுவது, 1828இல் கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் அவர்களையே.

தந்தையார் முன்னர்த் திவானாயிருந்த திருவிதாங்கூருக்கு, 1849இல் இளவரசர்களின் ஆசிரியராக அவர் சென்றார். 1855இல் தஞ்சை மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைய, கிழக்கிந்தியக் கம்பெனி அவ்வரச மரபையே இல்லாததாக்கியது. ஆட்சி சீர்ப்படாவிடில் திருவிதாங்கூருக்கும் அக்கதியே நேரும் என்று அதே ஆண்டில் டல்ஹௌசி எச்சரித்தார். கருவூலம் வறண்டு கிடந்த அந்நாட்டின் பொறுப்பை 1857இன் இறுதியில் ஏற்றபோது மாதவராவுக்கு வயது 29.

சொந்த மண்ணின் அரசு மறைந்ததைக் கண்டவர், வேற்று மண்ணின் அரசைக் கணக்கேட்டைக் கொண்டே காத்தார். மிளகு, புகையிலை ஏகபோகங்களை நீக்கினார். 1863க்குள் அரசின் கடன் தீர்ந்தது. 1865இல் பிரிட்டிஷ் இந்தியாவோடும் கொச்சியோடும் செய்த வணிக உடன்பாடு சுங்கத் தடைகளைத் தளர்த்தியது. அவ்வாண்டே அரசு நிலக் குடிகள் நிலவுரிமை பெற்றனர். (நம் காவிரிப் படுகையின் குத்தகை உழவர்க்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது 1952இல்தான்!)

மன்னரோடு மனவேறுபாடு எழவே 1872இல் விலகினார். இந்தூரில் சிலகாலம் பணியாற்றியபின், 1875 முதல் 1882 வரை பரோடாவின் திவானாய், சிறுவர் சாயாஜிராவின் பெயரால் ஆட்சி நடத்தினார்.

1887இல் சென்னையில் கூடிய காங்கிரசுக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம் தலைவர் பத்ருதீன் தயாப்ஜியை, வரவேற்புக் குழுத் தலைவராய் நின்று வரவேற்றவரும் அவரே. 1891இல் மறைந்தார். திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் எதிரே அவர் சிலை நிற்கிறது. அவ்விடத்திற்கு ஊரார் இட்ட பெயரே 'ஸ்டாச்சு' என்பது.