பாவ்லோவின் இன்னொரு நாய்: கட்டிலுக்கு அடியில் ஒளியும் செல்லங்களுக்காக ஒரு கதை!

உங்க வீட்டுல ரெண்டு நாய் இருக்குன்னு வெச்சுக்கோங்க. பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்கிற சத்தம் கேட்டதும் ஒண்ணு வாலாட்டிக்கிட்டே ஓடி வரும். இன்னொண்ணு கட்டிலுக்கு அடியில இருந்து எட்டிப் பார்க்கும். தோழி தின்னு முடிச்சு, ஆபத்து எதுவும் இல்லைனு தெரிஞ்ச பிறகுதான் பம்மிப் பம்மி வெளியே வரும்.

முதல் நாய்க்கு ஏன் சத்தம் கேட்டதுமே எச்சில் ஊறுதுனு உலகத்துக்குச் சொன்னவர் இவான் பாவ்லோவ். அது ஸ்கூல் பாடத்திலேயே வந்துடுச்சு. ஆனால், கட்டிலுக்கு அடியில் இருக்கும் இரண்டாவது நாயைப் பற்றியும் அவர் வருடக்கணக்கில் யோசித்திருக்கிறார். தப்பாகவும் யோசித்திருக்கிறார்!

பாதிரியார் ஆகவேண்டியவர்

1849-ல் ரஷ்யாவின் ரியாசான் நகரில் பிறந்தார் பாவ்லோவ். அப்பா பாதிரியார். சிறுவயதில் உயரமான இடத்திலிருந்து விழுந்து பலமாக அடிபட்டதால், 11 வயதில்தான் பள்ளிக்கே போனார். அப்பா வழியில் சமயப் படிப்பில் சேர்ந்தவரை அறிவியல் புத்தகங்கள் இழுத்துக்கொண்டன. 1870-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். 1881-ல் செராஃபிமாவைத் திருமணம் செய்துகொண்டார். ஆரம்ப வருடங்கள் முழுக்கப் பணக் கஷ்டம்தான்.

பிறகு ஆய்வகம் கிடைத்தது. செரிமானம் பற்றிய ஆராய்ச்சிக்காக 1904-ல் நோபல் பரிசு வாங்கினார். அதற்காக நாய்களின் உடலில் அறுவை சிகிச்சை செய்து துளை போட்டு, சுரக்கும் நீரைச் சேகரித்தார்கள். இன்றைக்குப் படித்தால் மனசு கஷ்டப்படும். அந்த நாய்கள் சாப்பாடு வருவதற்கு முன்பே எச்சில் விடுவதைக் கவனித்ததில் இருந்துதான் அவருடைய அடுத்த 30 வருட ஆராய்ச்சி பிறந்தது.

சுவரோரம் நடந்த நாய்

அவருடைய ஆய்வகத்தில் ஒரு பெண் நாய் இருந்தது. பல வருடப் பழக்கம். யாரும் அதை அடித்ததில்லை. ஆனாலும் ஆட்களைப் பார்த்தாலே வாலைக் கால்களுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு, உடம்பைக் குறுக்கி, சுவரோரமாகவே நடக்கும். இதைப் பார்த்து பாவ்லோவ் ஒரு முடிவுக்கு வந்தார். இது பிறவியிலேயே பலவீனமான நரம்பு மண்டலம், அவ்வளவுதான். நாமும் இதைத்தானே சொல்கிறோம்? `அது பொறந்ததுல இருந்தே பயந்தாங்கொள்ளி!'

1924 செப்டம்பர் 23-ல் நேவா ஆறு பொங்கி லெனின்கிராட் நகருக்குள் புகுந்தது. நாய்க் கூண்டுகளில் தண்ணீர் ஏறியது. ஊழியர்கள் நாய்களைச் சின்னச் சின்னக் கூட்டமாக நீந்தவைத்து, ஆய்வகக் கட்டடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழக்கமாக ஒன்றையொன்று பார்த்தாலே சண்டை போடும் நாய்கள், அன்று சத்தமே இல்லாமல் ஒட்டிக்கொண்டு கிடந்தன.

வெள்ளம் வடிந்தது. பயம் வடியவில்லை. நன்றாகப் பழகிய ஒரு நாய் கற்றதையெல்லாம் மறந்ததுபோல் ஆனது, சாப்பாட்டையும் தொடவில்லை. வழக்கமாகப் பக்கத்து அறையில் இருக்கும் ஆய்வாளர் அதனுடன் ஒரே அறையில் உட்கார்ந்தபோதுதான் பழைய பழக்கங்கள் திரும்பின. பிறகு ஒருநாள், சோதனைக்காகக் கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டார்கள். அவ்வளவுதான், மறுபடியும் எல்லாம் போச்சு!

எண்பதைத் தாண்டிய பிறகு ஒரு திருத்தம்

1930-களின் தொடக்கத்தில் அவருடைய உதவியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே தாய்க்குப் பிறந்த குட்டிகளில் பாதியைக் கூண்டில் அடைத்து வளர்த்தார்கள். மீதியைச் சுதந்திரமாக ஓடி விளையாட விட்டார்கள். சுமார் 2 வருடம் கழித்துப் பார்த்தால், கூண்டில் வளர்ந்தவை சின்னச் சத்தத்துக்கும் நடுங்கின. வெளியே வளர்ந்தவை அப்படி இல்லை. ரத்தம் ஒன்றுதான், வளர்ந்த விதம்தான் வேறு.

நோபல் வாங்கிய விஞ்ஞானி, வயது 80-க்கு மேல். `நான் சொன்னதுதான் சரி' என்று உட்கார்ந்திருக்கலாம். பாவ்லோவ் அப்படிச் செய்யவில்லை. பயந்த நாய்களையெல்லாம் பலவீனமான நரம்புக்காரர்கள் என்று கணக்கில் சேர்த்தது தவறு, வளர்ப்பும் பயத்தை உண்டாக்கும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார்.

1935-ல் அவருடைய ஆய்வு நிறுவன வளாகத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 1936 பிப்ரவரி 27-ல், 86 வயதில், பாவ்லோவ் இறந்துபோனார்.

தெருவிலிருந்து தூக்கிவந்த உங்கள் செல்லம், குக்கர் விசிலுக்கே கட்டிலுக்கு அடியில் ஓடுகிறதா? அதன் முதல் சில மாதங்கள் எப்படிப் போயிருக்கும் என்று நமக்குத் தெரியாது. இழுத்து வெளியே போடாதீங்க. கொஞ்சம் தள்ளித் தரையில் உட்கார்ந்து மொபைலைப் பாருங்க. பக்கத்தில் அதன் தைரியசாலித் தோழியும் படுத்திருக்கட்டும்.

மெதுவா வரும். வரட்டும்!